வாத்தியார் தேடிய பள்ளிக்கூடம்

பதினெட்டு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவருக்குத் தன் பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஒரு பள்ளிக்கூடம் பார்ப்பதா கஷ்டம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வாத்தியாரும் அப்படித்தான் நினைத்தார். வெளிநாட்டில் வந்து இறங்கிய இரண்டாவது வாரமே அந்த நினைப்பு போய்விட்டது. கம்பெனி கொடுத்த வீட்டின் சாப்பாட்டு மேஜை முழுக்கப் பள்ளிகளின் வழுவழுப்பான விளம்பரப் புத்தகங்கள். தட்டு வைக்க இடமில்லாமல் நால்வரும் மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஒரு குழந்தை பூதக்கண்ணாடியால் ஒரு இலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

வேலை அவர் மனைவிக்கு. அவள் சுரங்கப்பாதை எஞ்சினியர். நகரத்துக்கு அடியில் ரயில் போக வழி தோண்டும் வேலைக்காகக் கம்பெனி அவளை இங்கே மாற்றியிருந்தது. வாத்தியார் தன் பள்ளியில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கூடவே வந்துவிட்டார். விமானத்தில் பெல்ட் மாட்டும்போதே அவள் சொல்லிவிட்டாள்.

“ஸ்கூல் விஷயத்தை நீங்க பாத்துக்குங்க. நான் அதுல தலையிடலை. நீங்கதான் வாத்தியாராச்சே.”

அதைக் கேட்டு அப்போது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிள்ளைகளில் பெரியவளுக்குப் பதிமூன்று வயது. எதையும் சட்டென்று சொல்லமாட்டாள், சொன்னால் மாற்றமாட்டாள். சின்னவனுக்கு ஆறு. வீட்டில் அவனை வாண்டு என்றே கூப்பிட்டார்கள். அவன் தூங்கும்போது மட்டும்தான் பேசுவதில்லை.

மனைவியின் அண்ணன் இருபது வருடமாக இதே ஊரில் இருந்தார். கார் உதிரிப்பாகம் விற்கும் கம்பெனியில் மேலாளர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் குடும்பத்தோடு வந்துவிடுவார். அந்த ஞாயிறும் வந்து உட்கார்ந்ததும் மேஜையிலிருந்த புத்தகங்களை ஒரு கையால் ஒதுக்கித் தள்ளினார்.

“மாப்பிள்ளை, இதுல யோசிக்க ஒண்ணுமே இல்லை. இன்டர்நேஷனல் ஸ்கூல்ல போடுங்க. முழுக்க இங்கிலீஷ். நாளைக்கு நீங்க எந்த நாட்டுக்குப் போனாலும் அதே பாடம், அதே பரீட்சை. என் பசங்க ரெண்டு பேரும் அங்கதான் படிச்சாங்க. எப்படி இருக்காங்க பாருங்க.”

வாத்தியார் பார்த்தார். மச்சானின் மகன்கள் இரண்டு பேரும் சோபாவில் சாய்ந்து போனில் மூழ்கியிருந்தார்கள். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருந்தும் கீழே கடைக்காரரிடம் இந்த ஊர் பாஷையில் நாலு வார்த்தை பேச அவர்களுக்குத் தெரியாது. தமிழில் என்ன கேட்டாலும் தோளைக் குலுக்கினார்கள். எப்படி இருக்கிறார்கள் என்பதற்கு வாத்தியாரிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டார்.

“உங்க தங்கச்சி ஆபீஸ்ல ஒருத்தர் ரெட்டை மொழிப் பள்ளின்னு ஒண்ணு சொன்னார், மச்சான். காலையில இந்த ஊர் பாஷை, மத்தியானம் இங்கிலீஷ்.”

“ஐயய்யோ! அதெல்லாம் ரெண்டுங்கெட்டான். அதுவும் வராது, இதுவும் வராது. புள்ளைங்களை வெச்சு பரிசோதனை பண்ணாதீங்க மாப்பிள்ளை.”

“எதுக்கும் போய்ப் பாக்கறேன்.”

“பாருங்க, பாருங்க. வாத்தியார் பாக்காம நாங்களா பாக்கப் போறோம்?” என்று சொல்லிவிட்டு மச்சான் தன் தங்கையைப் பார்த்துச் சிரித்தார். அவளும் லேசாகச் சிரித்துவைத்தாள். வாத்தியாருக்கு அந்த லேசான சிரிப்புதான் அன்று முழுக்க உறுத்திக்கொண்டிருந்தது.

வாத்தியாரும் பிள்ளைகளும் முதலில் இன்டர்நேஷனல் பள்ளிக்கே போனார்கள். சேர்க்கைப் பிரிவிலிருந்து ஒரு பெண் வாசலுக்கே வந்து கைகொடுத்தாள். பல் டாக்டர் வீட்டுக் காலண்டரில் வருகிற மாதிரியான சிரிப்பு. அரை மணி நேரமும் அது இறங்கவே இல்லை. நீச்சல் குளத்தைக் காட்டினாள். நாடக அரங்கைக் காட்டினாள். ஒரு அறையில் பிளாஸ்டிக்கை உருக்கிப் பொம்மை செய்யும் எந்திரம் இருந்தது. அதன் முன்னால் நிற்கவைத்து, எதிர்காலத் தலைவர்கள் இங்கேதான் உருவாகிறார்கள் என்று இங்கிலீஷில் சொன்னாள்.

வாத்தியார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில், “ஒரு கணக்கு வகுப்பைப் பாக்கலாமா? பின்னாடி ஓரமா நின்னு பாத்துட்டுப் போயிடறேன்” என்றார்.

வெளியாட்களை வகுப்புக்குள் விடுவதில்லையாம். அதற்குப் பதிலாக ‘சிந்தனை மூலை’யைக் காட்டினாள். தரையில் மூட்டை மூட்டையாகப் பஞ்சு மெத்தைகள் கிடந்தன. ஒரு பையன் அதில் கவிழ்ந்து படுத்திருந்தான்.

“இவன் என்ன செய்யறான்?”

“சிந்திக்கிறான்.”

“போர்டு எங்கே?”

“எங்கள் ஆசிரியர்கள் முன்னால் நின்று பேசுவதில்லை. பக்கத்தில் நிற்கிறார்கள்.”

பதினெட்டு வருடம் முன்னால் நின்று பேசியவர் மெத்தையில் கிடந்த பையனை இன்னொரு தடவை பார்த்தார். பெரியவள் அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். “அப்பா, போதும்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். திரும்பிப் பார்த்தால் வாண்டைக் காணோம். பதறிப்போய்த் தேடினார்கள். அவன் மழலையர் வகுப்புக்குள் புகுந்து, யாரோ ஒரு குழந்தையின் டப்பாவிலிருந்து திராட்சை தின்றுகொண்டிருந்தான். அந்தக் குழந்தையும் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. வெளியாட்களை வகுப்புக்குள் விடுவதில்லை என்ற விதி அவனிடம் செல்லுபடியாகவில்லை.

வெளியே வரும் வழியில் சுவர் முழுக்க வண்ணக் காகிதத்தில் சின்னச் சின்னக் கையெழுத்துகள். பள்ளியை விட்டுப் போன பிள்ளைகள் எழுதியது என்றாள் அந்தப் பெண். கூரை வரைக்கும் போயிருந்தது.

“இவ்வளவு பேரா போயிட்டாங்க?”

“இங்கே வரும் குடும்பங்கள் இரண்டு மூன்று வருடத்தில் மாறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் எங்கள் பிள்ளைகள் யாரோடும் உடனே பழகிவிடுவார்கள்.”

வாத்தியார் அதைக் குறையாகக் கேட்டார். அவள் அதைப் பெருமையாகச் சொன்னாள். எட்டாம் வகுப்பில் ஒரு இடம்தான் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள் என்று அதே சிரிப்போடு வழியனுப்பினாள்.

தெருவுக்கு வந்ததும் மனைவிக்குப் போன் செய்தார். அவள் பூமிக்கு அடியில் இருந்தாள். அங்கே சிக்னல் கிடைக்காது. அன்று முழுக்க இப்படித்தான். இவர் கூப்பிடும்போது அவள் கீழே. அவள் மேலே வந்து கூப்பிடும்போது இவர் வாண்டைத் துரத்திக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஒருவழியாகக் கிடைத்தாள். பின்னால் ஏதோ எந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

“என்னங்க, எப்படி இருந்துச்சு?”

“ஸ்கூல் மாதிரியே இல்லை. ஓட்டல் மாதிரி இருக்கு.”

“சரி, நல்லா இருக்குன்னா போட்டுடுங்க.”

“நல்லா இருக்குன்னு நான் எப்பம்மா சொன்னேன்?”

“ஓட்டல் மாதிரி இருக்குன்னீங்களே... இருங்க, கூப்பிடறாங்க. நீங்களே முடிவு பண்ணுங்க. நீங்கதான்—”

“தெரியும், தெரியும். வாத்தியாராச்சே!” என்று கத்தினார். இணைப்பு அதற்குள் போய்விட்டிருந்தது. பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் நகர்ந்து நின்றார்கள்.

இரட்டை மொழிப் பள்ளி நகரத்தின் மறுகோடியில் இருந்தது. செங்கல் கட்டடம், குறுகலான படிக்கட்டு. நடையில் வரிசையாகத் தொங்கிய மழைக்கோட்டுகளிலிருந்து ஈர வாடை வந்தது. தலைமையாசிரியை கனத்த உடம்புக்காரி; ஐம்பதைத் தாண்டியவள். அவள் கைகொடுத்தபோது வாத்தியார் முதலில் பார்த்தது அவள் சட்டைக் கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத்தான். அந்த நொடியே அவருக்குப் பள்ளி பிடித்துப்போய்விட்டது. பின்னால் யோசித்துப் பார்த்தால், அவர் அன்று எடுத்த முடிவுக்கு வேறு காரணம் எதுவும் தேறவில்லை.

வாண்டை ஒரு வகுப்பில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே மரக்கட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பையனோடு அவன் உடனே சண்டை பிடித்தான். அவன் தமிழில் கத்தினான், அந்தப் பையன் அந்த ஊர் பாஷையில் கத்தினான். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து மூன்றாவது பையனோடு சண்டை போட்டார்கள். இவனைச் சேர்த்துக்கொள்கிறோம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டாள்.

பெரியவளுக்கு எழுத்துத் தேர்வு இருந்தது. கேள்விகள் இங்கிலீஷில்தான். பெரிய கூடத்தில், தேர்வுக்கு வந்த வேறு சில பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதிவிட்டு வந்தாள்.

“எப்படிம்மா இருந்துச்சு?”

“எழுதினேன்.”

“கணக்கு?”

“அதையும்தான் எழுதினேன்.”

இரண்டு நாள் கழித்துப் பள்ளியிலிருந்து தகவல் வந்தது. இங்கிலீஷில் நன்றாகச் செய்திருக்கிறாள். கணக்கில்தான் தேவையான அளவுக்கு வரவில்லை.

கணக்கில்!

வாத்தியார் போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார். என் பெண்ணுக்கா கணக்கு வரவில்லை? மூன்று வயதில் படிக்கட்டை எண்ணிக்கொண்டே ஏறினவளுக்கா? அந்தச் சமயம் பார்த்து மச்சான் போன் செய்து விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

“நான் அப்பவே சொன்னேன் மாப்பிள்ளை. சரி விடுங்க, கணக்கு எல்லாருக்கும் வருமா?”

அந்த ஒரு வாக்கியம்தான் வாத்தியாரைக் கிளப்பிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு, பெரியவளையும் வாண்டையும் இழுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார். “அப்பா, வேண்டாம்ப்பா” என்று பெரியவள் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். பிள்ளைகளை நடையில் உட்காரவைத்துவிட்டு நேரே தலைமையாசிரியை அறைக்குள் போனார். விடைத்தாளைப் பார்க்க வேண்டும் என்றார். அவள் மறுபேச்சில்லாமல் எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

முதல் தப்பைப் பார்த்ததுமே வாத்தியாருக்குத் தலைக்கு ஏறியது. ஒரு பெட்டியில் பன்னிரண்டு பாட்டில். ஒவ்வொரு பாட்டிலிலும் 1,500 லிட்டர் தண்ணீர். எட்டுப் பெட்டிகளில் மொத்தம் எவ்வளவு? பெரியவள் ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம் என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அதைச் சுழித்திருந்தார்கள்.

“இதுல என்ன தப்பு?” என்று இங்கிலீஷில் வெடித்தார். “பெருக்கிப் பாருங்க. தப்பு பொண்ணு மேல இல்லை, கேள்வி மேல! உலகத்துல எந்தப் பாட்டில்ல ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் தண்ணி பிடிக்கும்? இது பாட்டிலா, ஏரியா? கேள்வி எடுத்தவர் யாரு? அவரை முதல்ல கூப்பிடுங்க!”

தலைமையாசிரியை அவர் முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு தன் கைப்பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். ஒட்டியிருந்த சீட்டில் 1,5 என்று போட்டிருந்தது.

“ஒன்றரை லிட்டர். கேள்வியில் 1,500 என்று இருப்பதும் அதுதான். நீங்கள் புள்ளி வைக்கும் இடத்தில் நாங்கள் கமா போடுகிறோம்.”

வாத்தியார் பாட்டிலைப் பார்த்தார். விடைத்தாளைப் பார்த்தார். இன்னும் இரண்டு கேள்விகளில் இதே கமா இருந்தது. அந்த இரண்டிலும் பெரியவளின் விடை ஆயிரம் மடங்கு பெரிதாகப் போயிருந்தது. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து கடையில் விலைச்சீட்டைப் பார்க்கிறார், பால் வாங்குகிறார், எல்லாவற்றிலும் இந்தக் கமா இருந்திருக்கிறது. ஒருநாள்கூட அவர் மண்டையில் ஏறவில்லை. காது இரண்டும் சூடாகிவிட்டன. நின்றுகொண்டிருந்தவர் மெதுவாக உட்கார்ந்தார்.

“மன்னிக்கணும்” என்றார்.

“பரவாயில்லை. திருத்தியவர் விடையை மட்டும் பார்த்திருக்கிறார். வழியைப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. நானே இன்று உங்களைக் கூப்பிடுவதாக இருந்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.” பெரியவளை எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். ஆனால் பாஷைக்காக ஒரு வகுப்பு கீழே உட்கார வேண்டியிருக்கும். பெற்றோரும் சாயங்கால வகுப்பில் சேர்ந்து இந்த ஊர் பாஷையைப் படிக்க வேண்டும். அது பள்ளியின் நிபந்தனை.

கத்தியது தப்பு என்று ஆகிவிட்ட மனிதனுக்கு அதற்குமேல் எதையும் மறுக்கத் தெம்பில்லை. “சரிங்க. ரொம்ப நன்றிங்க. ரெண்டு பேரையும் சேத்துடறேன்” என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். பெரியவள் நடையில், ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பஸ்ஸில் வைத்துச் சொன்னார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தின் நடுவில் நின்றாள்.

“நான் அங்க போகமாட்டேன்.”

“இதென்னம்மா புதுசா? அந்தத் தப்பெல்லாம் சரியாயிடுச்சு. உனக்கு இடம் கொடுத்துட்டாங்க.”

“உங்களுக்குத்தான் கொடுத்தாங்க. நீங்கதானே போய்ச் சண்டை போட்டீங்க. நீங்களே போய் ஏழாங்கிளாஸ்ல உட்காருங்க.”

மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். பூட்ஸில் சேறு காய்ந்திருந்தது. “என்னடி பேச்சு இது?” என்றாள். பிறகு வாத்தியாரைப் பார்த்து, “ஏங்க, ஒரு கிளாஸ் கீழயா போட்டீங்க?” என்றாள்.

“முடிவை எங்கிட்ட விட்டுட்டு இப்ப கேள்வி கேக்கறியா? ரெண்டு வாரமா நான் தெருத்தெருவா அலையறேன். உங்கண்ணன் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம், பல்லைக் காட்டறவ ஒரு பக்கம்! வீட்டுல ஒருத்தருக்காவது இது பிடிச்சிருக்கா, அதையாவது சொல்லுங்க!”

“எனக்குப் பிடிச்சிருக்கு” என்றான் வாண்டு.

“நீ சும்மா இரு!” என்று மூன்று பேரும் சேர்ந்து கத்தினார்கள்.

பெரியவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். குரல் இறங்கியிருந்தது.

“அப்பா, அந்தப் பாட்டில் கணக்கைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் பாட்டில். அடக்கவே முடியலை.”

“அப்பறம் ஏன் கேக்கலை? அங்க இருந்த டீச்சர்கிட்ட எழுந்து கேக்கறதுதானே?”

“கேள்வி எப்படி இருந்தாலும் கணக்கைப் போடுன்னு நீங்கதானே சொல்வீங்க. போட்டேன். ஆனா அது இல்லைப்பா. பக்கத்துல ஒரு பொண்ணு உட்கார்ந்திருந்தா. அவகிட்ட காட்டிச் சிரிக்கணும்னு இருந்துச்சு. என்ன சொல்லிக் காட்டறது? அவளுக்கு இங்கிலீஷும் சரியா வரலை. தினமும் காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் அப்படி உட்காரணும்னா...” நிறுத்தினாள். “தம்பிக்கு அது தேவையே இல்லை. அவன் அடிச்சே ஃப்ரெண்ட் பிடிச்சுடுவான். என்னால முடியாது. அந்த ஓட்டல் ஸ்கூல்ல சொல்லிக்கொடுக்கலைன்னாலும் பரவாயில்லை, கணக்கை உங்ககிட்ட படிச்சுக்கறேன். அங்க எல்லாரும் புதுசு. நானும் புதுசா இருந்துட்டுப் போறேன்.”

வாத்தியாருக்குப் பதில் சொல்ல நிறைய இருந்தது. ஒரு வருடம் கஷ்டப்பட்டால் பாஷை வந்துவிடும் என்பதைச் சொல்லலாம். மச்சானின் மகன்களைக் காட்டலாம். எல்லாமே நியாயம்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்னாளே, இன்னைக்கு என்ன கிழமை?” என்று மட்டும் கேட்டார்.

“வெள்ளி” என்றாள் மனைவி.

போனைத் தேடிக் கண்டுபிடித்து, ஆபீஸ் மூடுவதற்குள் அந்தச் சிரிப்புக்காரப் பெண்ணைப் பிடித்துச் சொல்லிமுடிக்கும்போது அவருக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது. போனிலும் அவள் சிரித்துக்கொண்டிருந்தது கேட்டது.

ஆக, இரண்டு பிள்ளைகள், இரண்டு பள்ளிகள், நகரத்தின் இரண்டு கோடிகள். மச்சான் கேள்விப்பட்டு, பாதியாவது என் பேச்சைக் கேட்டீர்களே என்றார். காலையில் பெரியவளை டிராமில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அங்கிருந்து வாண்டை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். பிற்பகலில் வாண்டுக்கு முதலில் பள்ளி விடும். அவனைக் கூட்டிக்கொண்டு பெரியவளுக்காகக் காத்திருக்க வேண்டும். இரண்டு பள்ளிக்கும் விடுமுறை ஒரே நாளில் வராது. ஒன்றில் விளையாட்டு நாள் என்றால் இன்னொன்றில் பெற்றோர் வந்து மரம் நடவேண்டும். சாயங்காலம் பாஷை வகுப்பு வேறு; மனைவிக்கு வேலையில் நேரமில்லை என்று அவர் மட்டும்தான் போனார். அந்த வகுப்பில் மிக மோசமான மாணவர் வாத்தியார்தான். மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு வார்த்தையைத் தேடுவார். தன் வகுப்பில் அப்படிப் பார்த்த பிள்ளைகளிடம் ‘விடை அங்கேயா எழுதியிருக்கு?’ என்று கேட்டது ஞாபகம் வந்து எரிச்சலாக இருக்கும்.

வாண்டு முதல் வாரம் கடிபட்டு வந்தான். இரண்டாவது வாரம் கடித்துவிட்டு வந்தான். இரண்டு மாதத்தில் அந்த ஊர் பாஷையைத் தண்ணீராகக் கொட்டினான். பெரியவள் தன் பள்ளியைப் பற்றி நல்லதாகவும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் யாரோ ஒருத்தி போனில் கூப்பிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது. கணக்கு அங்கே ஆமை வேகத்தில்தான் போனது. அதை வாத்தியார் தினமும் இரவுச் சாப்பாட்டின்போது சொல்லிக் காட்டினார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

பருவத்தின் முடிவில் இரண்டு பள்ளிகளிலும் பெற்றோர் சந்திப்பு வைத்தார்கள். ஒரே நாள், ஒரே சாயங்காலம். வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ஒரு ஏற்பாடு செய்தார். அவர் பெரியவள் பள்ளிக்கு, மனைவி வாண்டு பள்ளிக்கு; அவள் வரும் வரை வாண்டு அங்கேயே இருப்பான். விலாசம், பஸ் நம்பர், டீச்சர் எப்படி இருப்பாள் என்பது வரைக்கும் அவளுக்குச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லியும் கேட்டார்.

“நான் என்ன உங்க கிளாஸ் புள்ளையா?” என்று அவள் கோபித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அவர் பெரியவளோடு இன்டர்நேஷனல் பள்ளியின் நடையில் முறைக்காகக் காத்திருந்தார். கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு, கையில் ஹெல்மெட்டோடு மூச்சிரைக்க மனைவி உள்ளே வந்தாள்.

வாத்தியார் எழுந்துவிட்டார். “இங்க எங்க வந்தே?”

“இங்கதானே மீட்டிங்?”

“உனக்கு அங்க! வாண்டு ஸ்கூல்ல!”

“இந்த ஸ்கூல்லேர்ந்துதான் எனக்கு மெசேஜ் வந்துச்சு. மேல ஏறினதும் அதைப் பாத்துட்டு நேரா ஓடி வந்தேன்.”

“மெசேஜ் ரெண்டு ஸ்கூல்லேர்ந்தும்தாம்மா வரும்! காலையில அவ்வளவு தூரம் சொல்லிச் சொல்லி—”

“கத்தாதீங்க. நாள் பூரா மண்ணுக்குள்ள இருந்துட்டு வரேன். ஒரு நாள் நீங்க இறங்கிப் பாருங்க, தெரியும்.”

“நான் இறங்கறேன். நீ ரெண்டு டிராம்ல ஏறு!”

நடையில் உட்கார்ந்திருந்த மற்ற பெற்றோர் சுவரில் என்னவோ எழுதியிருந்ததைப் படிக்க ஆரம்பித்தார்கள். பெரியவள் எழுந்து இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“ரெண்டு பேரும் போங்க.”

“என்னம்மா?”

“தம்பி அங்க தனியா இருக்கான். அம்மாவுக்கு வழி தெரியாது, அவனோட காலை வகுப்பு டீச்சர் இங்கிலீஷ் பேசமாட்டாங்க. நீங்க போய்த்தான் ஆகணும். அம்மா இங்க இருந்தா நீங்க போன்லயும் கத்துவீங்க. என் முறை வர இன்னும் நேரம் இருக்கு. ரெண்டு பேருமே போயிட்டு வாங்க. ப்ளீஸ்.”

அவள் முகத்தைப் பார்த்து இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தார்கள். டிராமில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தது. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஜன்னலில் சாய்ந்தாள்.

“தினமும் இவ்வளவு தூரமா போறீங்க?”

“போறதும் வரதும் நாலு தடவை.”

“சொல்லவே இல்லையே.”

“தினமும்தான் சொல்றேன்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளா, தூங்கிவிட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை. இறங்கும் இடம் வந்தபோது தோளில் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

வாண்டின் வகுப்பில் கடைசிப் பெற்றோர் இவர்கள்தான். டீச்சர் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். வாண்டு மேஜைக்கு அடியில் ஊர்ந்துகொண்டிருந்தான். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும் என்று வாத்தியார் அந்த ஊர் பாஷையில் சொன்னார். கூரையைப் பார்க்காமல் சொன்னார். மனைவி வியந்துபோய் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வாத்தியாருக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை. டீச்சர் நீளமாக ஏதோ பேசினாள். அவர் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். கடைசியில் நன்றி என்றார்.

“என்னங்க சொன்னாங்க?”

“நல்லா கவனிக்கிறானாம். வகுப்புல ரொம்ப ஆர்வமா இருக்கானாம்.”

வாண்டு மேஜைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். “இல்லைம்மா. நான் வாயே மூடறதில்லைன்னு சொன்னாங்க. பக்கத்துல இருக்கறவனையும் கெடுக்கறேனாம். அதுக்குத்தான் அப்பா நன்றி சொன்னாரு.”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. டீச்சரும் என்ன ஏதென்று புரியாமல் சிரித்தாள். வாத்தியார் வாண்டின் காதைப் பிடிக்கக் கையை நீட்டினார். அவன் மறுபக்கமாக ஊர்ந்து போய்விட்டான்.

அவனைப் பிடித்துக் கோட்டு மாட்டி, டிராமைப் பிடித்து, இன்டர்நேஷனல் பள்ளிக்குத் திரும்பி ஓடினார்கள். நடையில் யாரும் இல்லை. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியவள் வாசல் படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“முடிஞ்சுடுச்சா? ஐயோ, கூப்பிட்டாங்களா? நாங்க இல்லாம என்னம்மா பண்ணினே?”

“நானே போய்ப் பேசிட்டேன்.”

“தனியாவா?”

“அப்பாவும் அம்மாவும் தம்பி ஸ்கூலுக்குப் போயிருக்காங்கன்னு சொன்னேன். சரி, நீயே உட்காருன்னாங்க. ரொம்ப நேரம் பேசினோம்.”

“என்ன சொன்னாங்க? கணக்கு பத்திக் கேட்டியா? அந்தப் பாடம் இன்னும் ஏன் முடிக்கலைன்னு—”

“அப்பா.” அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். “அது எனக்கும் மிஸ்ஸுக்கும் நடுவுல.”

வாத்தியார் மனைவியைப் பார்த்தார். அவள் தன் பங்குக்குத் தோளைக் குலுக்கினாள். பெரியவள் அதற்குள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு டிராம் நிறுத்தத்தை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தாள். அவன் அவளிடம் இரண்டு பாஷையிலும் எதையோ சொல்லிக்கொண்டே போனான்.